பகடை நிற்பதற்குள்

அந்த வக்கீலை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பின்னால் நடந்ததற்கெல்லாம் வேறு வேறு காரணம் காட்டி என் பக்கத்தை நியாயப்படுத்திக்கொண்டே போவேன். அதில் நான் கெட்டிக்காரி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, இரண்டரை மணிக்கு என் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நான்கு பேர் உட்காருவோம். தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோட்டுக்குப் பின்பக்கத் தெரு. நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளர். பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பி கனடா போகும்போது ஒரு அட்டைப்பெட்டியை என் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். அதில் தடித்தடியாக மூன்று ஆங்கிலப் புத்தகங்களும் ஒரு சுருக்குப் பை நிறைய விதவிதமான பகடைகளும் இருந்தன. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம். சும்மா புரட்டிப் பார்க்க எடுத்தவள் விடியும்வரை படித்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த விளையாட்டில் ஒருத்தர் கதை சொல்வார். காடு, கோட்டை, பூதம், அரக்கன் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு, அந்தப் பாத்திரமாகக் கதைக்குள் நுழைவார்கள். வாளை வீசினால் பட்டதா இல்லையா, பட்டால் எத்தனை உயிர்ப்புள்ளி போயிற்று என்பதைப் பகடை சொல்லும். புள்ளி தீர்ந்தால் பாத்திரம் செத்தது. சந்தேகம் வந்தால் கதை சொல்பவர்தான் நடுவர். எங்கள் மேஜையில் அது நான்.

சந்தேகம் வராத ஞாயிறே கிடையாது. புத்தகம் எழுதியவர்கள் வாள்சண்டைக்குப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, மந்திரப் பொருள் என்று வந்தால் பொருளுக்கு இரண்டு வரியில் கைகழுவிவிடுவார்கள். நெருப்பு சுடாத போர்வையைப் போர்த்தியவன் கொதிக்கிற எண்ணெயில் விழுந்தால் என்ன கணக்கு? மாயத் தொப்பி போட்டவன் கண்ணுக்குத் தெரியமாட்டான், சரி, அவன் கையில் இருக்கிற தீவட்டி தெரியுமா தெரியாதா? இதற்கெல்லாம் மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். காபி ஆறி, மறுபடி சுடவைத்து, மறுபடி ஆறும்.

இந்தச் சண்டைகளுக்கு ஒரு வழி பண்ணவேண்டும் என்று நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் லுத்தரன் சபைச் சங்கத்தில் ஒன்பது வருஷம் செயலராக இருந்தவள் நான். அங்கே ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதானாலும் தீர்மானம் வேண்டும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, கீழே எல்லோருடைய கையெழுத்து. யாரைப் பற்றிய பேச்சோ அவர் எழுந்து அறைக்கு வெளியே போய்விட வேண்டும். முடிவானதும் கூப்பிட்டுச் சொல்வார்கள். அதே வழக்கத்தை விளையாட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு நீளநோட்டு வாங்கி, மேலே "தீர்மானங்கள்" என்று எழுதினேன். பூதத்தோடு சண்டை போடுவதற்கு மினிட் புத்தகம் வைத்த ஆட்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

இனி ஆட்கள். ஒருத்தி என்னோடு லேபில் வேலை பார்க்கிற தோழி. தோழி என்று சொல்கிறேனே தவிர, அவளுக்கு லீவு கொடுப்பதும் மறுப்பதும் நான்தான். சண்டை வந்தால் முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாள்.

அடுத்தது வக்கீல். தஞ்சாவூர் கோர்ட்டில் நில வழக்குகள் பார்க்கிறவர். பட்டா யார் பேரில், அனுபவம் யார் கையில் என்று வாரம் முழுக்க வாதாடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து அதே வாயைத் திறப்பார். தம்பியின் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, பச்சையும் மஞ்சளுமாக ஒட்டுச்சீட்டு வைத்திருந்தார். நான் ஏதாவது சொன்னால் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அது எங்க போட்டிருக்கு மேடம்?" என்பார். அந்த "மேடம்" என்ற சொல்லை அவர் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாமவர் கீழ்வேளூர்க்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். பி.எஸ்சி. கணக்கு படித்தவர். தாத்தா காலத்தில் அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து வாழ்ந்த குடும்பம். இப்போது சொந்தமாக ஆறு ஏக்கர். தன் அம்மாவுக்கு ரத்தம் பார்க்க லேபுக்கு வந்தவர், என் மேஜைமேல் கிடந்த இருபது முகப் பகடையைப் பார்த்துவிட்டு, ரசீதின் பின்பக்கத்தில் "இது எந்த விளையாட்டு?" என்று எழுதிக் காட்டினார். பேசமுடியாதவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். பேசுவார். ஆனால் திக்கும். சில எழுத்துகளில் மாட்டிக்கொண்டால், கழுத்து நரம்பு புடைத்து, கண்ணை மூடி, அந்த எழுத்தைத் தள்ளித் தள்ளி வெளியே கொண்டுவர வேண்டும்.

வாராவாரம் திருவாரூரில் பஸ் மாறி வந்தார். சண்டையில் யார் முதலில், யார் பின்னால் என்பதற்குத் தொடக்கத்தில் ஆளுக்கொரு பகடை போடுவோம்; பெரிய எண் விழுந்தவர் முதலில். அவருக்கு எப்போதும் சின்ன எண்தான் விழும். "கடைமடைக்கு எப்பங்க தண்ணி வந்திருக்கு முன்னாடி?" என்று, காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டுகிற அவர் ஊரை வைத்து வக்கீல் கிண்டல் பண்ணுவார். கீழ்வேளூர்க்காரருக்கே சிரிப்பு வந்துவிடும். அன்றிலிருந்து எங்கள் மேஜையில் கடைசி முறைக்குக் கடைமடை என்றே பெயர்.

அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம் ஒரு கிழட்டுச் சிப்பாய். பெரிய கேடயத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நிற்கிற ஆள். முதல் நாள், கோட்டை வாசலில் ஓநாய்கள் சூழ்ந்துகொண்டபோது, "கேடயக்காரர் என்ன சொல்றாரு?" என்று கேட்டேன். அவர் தொண்டையை இறக்கி, கரகரவென்று, "எல்லாரும் என் முதுகுக்குப் பின்னாடி வந்துருங்க. ஒண்ணும் ஆகாது" என்றார். தங்குதடையில்லாமல் வந்தது. அவரே பயந்துபோய் எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் போய்விடுமோ என்று.

போகவில்லை. மூன்று வருஷம் அந்தக் குரல் இருந்தது. கேடயக்காரராகப் பேசினால் திக்காது. தானாகப் பேசினால் திக்கும். "நான் ரெண்டு கட்டம் நகர்றேன்" என்று விளையாட்டுக் கணக்கைச் சொல்லும்போதுகூடத் திக்கும், ஏனென்றால் அது அவர் பேசுவது. நடுவில் ஒருமுறை வேறொரு பாத்திரம் கொடுத்துப் பார்த்தோம், ஒரு பூசாரி. முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டார். ஒருநாள் டீ குடிக்கும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அ... அக்கா, சொ... சொசைட்டில இப்பல்லாம் கே... கேடயக்காரர்தான் யூ... யூரியா கேக்கறாரு" என்றார். மனசுக்குள் அந்த ஆளை நிறுத்திக்கொண்டு, அந்தக் குரலை லேசாகத் தணித்துக் கூட்டுறவுச் சங்க உரக் கவுண்டரில் பேசுகிறாராம். முன்பெல்லாம் சீட்டில் எழுதிக்கொண்டு போவாராம். அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எனக்கு இது தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை.

இப்போது மோதிரத்துக்கு வருகிறேன். வக்கீலின் பாத்திரம் ஒரு மந்திரவாதி. அவனுக்கு ஒரு வெண்கல மோதிரம் கிடைத்தது. புத்தகத்தில் இருந்தது இவ்வளவுதான்: அணிந்திருப்பவர் தாக்கப்படும்போது, நாளுக்கு ஒருமுறை, அந்த அடியை விலக்கிவிடலாம். ஒருநாள் ஒற்றைக்கண் அரக்கன் ஒருவன் மந்திரவாதியைத் தூணால் அடித்தான். அடி பட்டது. எத்தனை புள்ளி என்று நான் பகடை போட்டேன். இருபத்து நாலு. மந்திரவாதியிடம் இருந்தது இருபத்திரண்டு.

"மோதிரம்," என்றார் வக்கீல்.

"அடி விழுந்தாச்சு. எண்ணியும் ஆச்சு."

"விழுந்தாத்தானேங்க விலக்க முடியும்? விழாத அடியை யாரு விலக்குவா?" என்று பச்சைச் சீட்டு வைத்த பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். "தாக்கப்படும்போதுன்னுதான் போட்டிருக்கு. எண்ணறதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு இல்ல. இல்லாததை நீங்க சேக்கக் கூடாது மேடம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சி உளறியதும் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பாகத்தான் இருக்கும். அவர் சொன்னது சரி. அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் "சரிதாங்க" என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. நோட்டை எடுத்தேன். "சம்பந்தப்பட்டவர் கொஞ்சம் வெளியில இருங்க" என்றேன். அவர் போய் கார் ஷெட்டில் நின்றார்.

தீர்மானம் நானே எழுதினேன். அடியைத் தடுக்கும் மந்திரப் பொருள் எதுவானாலும், அடிப் பகடை உருண்டு நிற்பதற்குள் அதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பிறகு சொன்னால் செல்லாது. அதோடு விட்டேனா? மந்திரவாதியின் குரலில் இரண்டு பக்க வசனம் பேசி இழுத்தடிக்கும் வழக்கம் வக்கீலுக்கு உண்டு. அந்த வழியையும் அடைக்கவேண்டும் என்று, பாத்திரத்தின் குரலில் சொல்லக் கூடாது, விளையாடுபவர் தன் சொந்தப் பேச்சில்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். தோழி வழிமொழிந்தாள். கீழ்வேளூர்க்காரர் யோசிக்கவே இல்லை, கையைத் தூக்கிவிட்டார். அக்கா கொண்டுவந்த தீர்மானம் அல்லவா.

மந்திரவாதி செத்தான். வக்கீல் உள்ளே வந்து, தீர்மானத்தைப் படித்து, கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் ஒரு திருடனோடு வந்தார். பிணத்தின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி, எப்போதும் முன்னால் நிற்கிற ஆளுக்குத்தான் அது வேண்டும் என்று கேடயக்காரருக்குக் கொடுத்தோம். எனக்கு அன்று நல்ல தூக்கம்.

அது நடந்து எட்டு மாதம் இருக்கும்; அதுவரை மோதிரத்துக்கு வேலை வரவில்லை. மாசி மாதம். சம்பா அறுவடைக்கு மெஷின் கிடைக்காமல் மூன்று நாள் அலைந்து, அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள்தான் அறுத்து முடித்திருந்தார் கீழ்வேளூர்க்காரர். கை முழுக்க வைக்கோல் சுனை. சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். தூங்கி வழியும் கண்.

கதையில் ஒரு பாலம். பாலத்தைக் காக்கிற கல் பூதம். வக்கீலின் திருடனும் தோழியின் பாத்திரமும் தப்பி ஓட வேண்டும். "நீங்க போங்க. நான் இதைப் பாத்துக்கறேன்" என்றார் கேடயக்காரர், அந்தக் கரகரத்த குரலில். பூதத்தின் முறை வந்தது. அடி பட்டது. அவரிடம் மீதி பத்தொன்பது புள்ளி. நான் பகடைகளை எடுத்தேன். சோபாவுக்கு அடியில் ஓடாமல் இருப்பதற்காக எவர்சில்வர் தாம்பாளத்தில்தான் போடுவோம். அன்றும் போட்டேன்.

போட்ட உடனே அவர் உதடு இறுகி மூடியது. கழுத்து நரம்பு எழுந்தது. தன் சொந்தப் பேச்சில் மோதிரம் என்று சொல்லப்போகிறார், முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு பகடை நின்றுவிட்டது. இன்னொன்று தாம்பாளத்தின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பகடையைப் பார்க்கவில்லை, அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. அதற்குப் பிறகுதான், "மோ... மோ... மோதிரம்" என்று வந்தது.

குனிந்து எண்ணினேன். இருபத்தொன்று.

அந்த நேரத்தில் நான் மட்டும் "சரி, மோதிரம்" என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். சொல்ல வாயைத் திறந்ததும் உண்மை. அதற்குள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மேடம், இது செல்லாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் செய்யவிருந்ததையே இவர் எனக்குக் கட்டளையாகப் போடுகிறாரா?

"ஏன் சொல்லக் கூடாது? தீர்மானம் இருக்கு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது தப்பான தீர்மானம். என் மேல இருந்த கோவத்துல போட்டது. ரத்து பண்ணுவோம், நான் முன்மொழியறேன்."

"ரத்து பண்ணினா உங்க மந்திரவாதி எழுந்து வந்துருவான், அதானே?"

"அவன் செத்தது செத்ததாவே இருக்கட்டுங்க. இன்னைலேருந்து ரத்துன்னு எழுதுங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

நான் நம்பவில்லை. நிலவழக்கில் இன்று ஒரு வாய்க்கால் கேட்டு, நாளை வயலையே கேட்கிற ஆள் என்றுதான் நினைத்தேன். "கோர்ட்ல பேசற மாதிரி என் வீட்டுல பேசாதீங்க" என்றேன்.

"கோர்ட்ல இதைவிட இரக்கம் இருக்கு மேடம். வாய் பேச முடியாத சாட்சிக்கு எழுதிக் காட்ட நேரம் குடுக்கறாங்க."

கீழ்வேளூர்க்காரர் தலை நிமிரவில்லை. தன்னைப் பற்றி இரண்டு பேர், தான் அங்கே இல்லாத மாதிரி பேசுவதைச் சின்ன வயசிலிருந்து கேட்டுப் பழகியவர். எனக்கு அது அப்போது உறைக்கவே இல்லை. நோட்டை விரித்தேன். "சம்பந்தப்பட்டவர் வெளியில இருங்க தம்பி" என்றேன். எழுந்து போனார்.

"சரி, நான் முன்மொழியறேன்," என்றார் வக்கீல்.

"நீங்க முன்மொழிய முடியாது. அந்தத் தீர்மானத்தால உங்க பாத்திரம் செத்திருக்கு. நீங்களும் சம்பந்தப்பட்டவர்தான். நீங்களும் வெளியில போங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. நான் இவ்வளவுதானா என்று அளந்துபார்த்த மாதிரி இருந்தது. "உங்களுக்கு என்னைப் பிடிக்கல. அதுக்கு அந்தத் தம்பி என்ன பண்ணுவாரு?" என்றார்.

"போறது ஒரு காகிதம். ஆள் இல்ல. வேற பாத்திரம் எழுதிக்கலாம்."

அது பொய் என்று எனக்குத் தெரியும். யூரியா விஷயம் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். வக்கீல் எழுந்து போனார்.

கூடத்தில் நானும் தோழியும். "ரத்து பண்ணலாம்னு நீ முன்மொழியறியா?" என்று கேட்டேன். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. அவள் முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படிக்கா" என்றாள். அடுத்த புதன்கிழமை அவளுக்கு லீவு வேண்டியிருந்தது. "முன்மொழிவார் இல்லை" என்று நோட்டில் எழுதினேன். ஒன்பது வருஷம் எழுதிய கை. எழுத்து அழகாகத்தான் விழுந்தது.

ஜன்னல் வழியாக இரண்டு பேரும் தெரிந்தார்கள். கார் ஷெட்டில் என் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். முதலில் வக்கீல் ஏதோ சொன்னார். பிறகு கீழ்வேளூர்க்காரர் பேசினார். வெகுநேரம் பேசினார். நடுவில் தலையை ஆட்டி, கண்ணை மூடி, நின்று, மறுபடி பேசினார். திக்கித்திக்கித்தான் பேசுகிறார் என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. வக்கீல், நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூன்று முறை குறுக்கே விழுகிற அந்த மனுஷன், ஒரு இடத்தில்கூடக் குறுக்கிடவில்லை. வார்த்தையை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, முடியும்வரை கேட்டார். மூன்று வருஷத்தில் நான் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. அவர் மாட்டிக்கொண்டால் நானே அந்தச் சொல்லைச் சொல்லி முடித்துவிடுவேன், உதவி என்று நினைத்துக்கொண்டு. எனக்கு வக்கீல்மேல் வெறுப்பு இன்னும் கூடியது.

கூப்பிட்டேன். வந்தார்கள். முடிவைப் படித்தேன். கீழ்வேளூர்க்காரர் உட்காரவில்லை. மேஜைமேல் இருந்த கேடயக்காரரின் தாளை எடுக்கவும் இல்லை.

"அ... அக்கா. நான் மு... முடிச்சேனான்னு கேக்கல. ப... ப... பகடை நிக்கறதுக்கு முன்னாடி நான் ஆ... ஆரம்பிச்சதைப் பா... பாத்தீங்களா? அ... அதை மட்டும் சொல்லுங்க."

எனக்கு அவர் ஒரு வழி திறந்துவிட்டார். பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தீர்மானமும் நிற்கும், ஆரம்பித்ததே சொன்னதற்குச் சமம் என்று அதன் கீழே ஒரு வரி எழுதிக்கொள்ளலாம், கேடயக்காரரும் பாலத்தைத் தாண்டிவிடுவார். தோழிகூட நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் அவருக்குப் பின்னால், நிலைப்படியில், வக்கீல் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் அந்த வார்த்தை எனக்கு வரவில்லை.

"இல்ல தம்பி. நான் பகடையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் குனிந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். என் வீட்டில் அவர் கடைசியாகப் பேசியது அப்போதுதான். கேடயக்காரரின் குரலில் இல்லை, தன்னுடைய மெல்லிய குரலில், தடங்கல் இல்லாமல் சொன்னார்.

"பாத்தீங்க அக்கா. என் வாயைத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க."